டாட்டூ மேல் ஒட்டும் பிலிம்: ஓரம் தூக்காத வரை அருமை

புதுசாக டாட்டூ போட்டதும் ‘செகண்ட் ஸ்கின்’ என்று ஒரு மெல்லிய பிலிமை ஒட்டி அனுப்புகிறார்களே, அதைப் பற்றித்தான் இது. ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஊசி மேல் ஒட்டும் டெகாடெர்ம் வகையறாதான் இதுவும். பாலியூரித்தேன் படலம், நீராவி வெளியே போகும், தண்ணீரும் கிருமியும் உள்ளே வராது. சமையலறை கிளிங் பிலிம் பார்க்க இதே மாதிரி இருந்தாலும் உள்ளே வியர்த்து தோல் ஊறிப்போகும், அதை இதற்குப் பதிலாக நாள்கணக்கில் சுற்றி வைக்காதீர்கள்.

என்னுடையது முன்கையில், கறுப்பு ஷேடிங் நிறைய. முதல் ராத்திரியே பிலிமுக்கு அடியில் கறுப்பாக நீர் கோத்துக்கொண்டு, கையைச் சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. போட்ட டாட்டூ மொத்தமும் கரைந்துவிட்டதோ என்று பகீர் என்றிருக்கும், ஆனால் அது புண்ணிலிருந்து கசியும் நீரும் கொஞ்சம் ரத்தமும் மேலே மிஞ்சிய மையும்தான், நிலைக்க வேண்டிய மை அதற்குக் கீழே அடித்தோலில் பத்திரமாக இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஓரத்தை. அந்த நீர் ஒரு இடத்தில் வழி கண்டுபிடித்து வெளியே கசிந்தால், அதே வழியாகக் கிருமியும் உள்ளே போகும், மேலே பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்காமல் முழுசாகக் கழற்றிக் கழுவிவிட வேண்டியதுதான். எனக்கு முழங்கை மடிப்புப் பக்கம் தூக்கிக்கொண்டே இருந்தது. மடங்கும் இடத்துக்கு இது சுத்தமாக ஒத்துவராது.

மற்றபடி சுகம்தான். படுக்கை விரிப்பில் கறை இல்லை, குளிக்க பயம் இல்லை, முக்கியமாக சும்மா இருக்கும்போது தன்னால் அங்கே போகும் விரலுக்கு வேலை இல்லை. பொதுவாக முதல் பிலிமை ஒரு நாளில் மாற்றிவிட்டு அடுத்ததைச் சில நாள் விடச் சொல்வார்கள். கழற்றும்போது மேல்நோக்கி இழுக்காதீர்கள், உயிர் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டி, தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் இழுத்தால் பசை தானாக விட்டுக்கொடுக்கும். அப்புறம் வாசனை இல்லாத சோப்பு, ஒற்றி எடுக்க சுத்தமான டிஷ்யூ.

பசை சிலருக்கு ஆகாது. பிலிம் இருந்த சதுரத்தில் அளவெடுத்த மாதிரி சிவந்து அரித்தால் அதுதான், உடனே எடுத்துவிடுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால் ரிவ்யூ படிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பிலிமோடு வேலை முடிந்துவிடும் என்று விளம்பரம் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றிய பிறகுதான் தோல் உரியும், அரிப்பு ஆளைக் கொல்லும். அதற்கு வாசனை சேர்க்காத சாதாரண லோஷன், அதுவும் மெல்லிசாக. பளபளவென்று அப்பினால் தோல் ஊறிப்போய் பொருக்கு மையோடு வரும். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதுவரை நீச்சல் கிடையாது, வெயிலுக்குத் துணியால் மூடுவதுதான், சன்ஸ்கிரீன் ஆறிய பிறகு.

மெல்லிய கோடு மட்டும் உள்ள சின்ன டாட்டூவுக்கு இது தேவையே இல்லை, சோப்பும் லோஷனும் போதும். பெரிசு என்றால் வெட்டி வைத்த துண்டுகளைவிட ரோலாக வாங்குங்கள். டாட்டூவைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு, மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் சட்டைக்கை பட்டுத் தூக்காது.