தாத்தா பாலம் கட்டிய கலவை

மூன்று வார விடுப்பில் மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போனேன். இந்த முறை கோயில், கல்யாணம் எதற்காகவும் போகவில்லை. அப்பாவைப் பெற்ற தாத்தா இரண்டாம் உலகப் போரில் எங்கே இருந்தார், என்ன வேலை செய்தார் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஆற்காடு பக்கம் எங்கள் கிராமம். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர். ஆனால் எந்தப் பட்டாளம் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. 'சாப்பர்' என்று மட்டும் சொல்வார்கள். பாலமும் ரோடும் போடும் ராணுவப் பொறியியல் படை வீரருக்கு அந்தப் பெயர்.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்ன கதைகள் இரண்டு. ஒன்று, கலவை என்ற ஊரில் பாலம் கட்டியது. இன்னொன்று, சாக்குத் துணியைத் தாரில் முக்கி, பாய் விரிப்பதுபோல் மண்ணில் விரித்து, அதன்மேல் லாரி ஓட்டியது. கலவை எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்வரும் தூரம். பட்டாளம் வந்து பாலம் கட்டும் அளவுக்கு அங்கே ஏது ஆறு என்று பெரியப்பா கேலி செய்வார். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

முதல் வேலையாக அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பழைய பட்டுப்புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்து இரண்டு பதக்கங்கள். புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று அத்தை எழுந்தார். வேண்டாம் அத்தை என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். வட்டப் பதக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது விளிம்பில் பொடிப்பொடியாக ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: ஒரு எண், சாப்பர் என்பதன் சுருக்கமான 'எஸ்பிஆர்', தாத்தாவின் பெயர். மற்றது ஆறு முனை நட்சத்திரம், பர்மா ஸ்டார். அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை, இந்தியப் படையினருக்குப் பொறித்தே கொடுத்தார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் தேய்த்துவிடாதீர்கள். அந்த எண் இருந்தால்தான் மேலே நகர முடியும். தாத்தாவுக்கு இனிஷியல்கூடக் கிடையாது. அந்தப் பெயரில் எத்தனை பேரோ!

அப்புறம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. பாட்டி சாகும்வரை வாங்கினார். அந்தக் கோப்பு இன்னும் இருக்குமா என்று தயங்கித்தான் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் அம்மா அலமாரியின் மேல்தட்டில் ஏறி, தூசி தட்டி, முக்கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். பதக்கத்தில் இருந்த அதே எண். டீ வாங்கித் தரட்டுமா என்றதற்கு, "இருக்கட்டும் சார், தாத்தா விவரம் கிடைச்சா எங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க" என்றார். அந்த அம்மாவுக்கு நான் என்றைக்கும் நன்றியுடையவன்.

உறவுமுறைச் சான்று வாங்கப் போன இன்னோர் அலுவலகத்தில் நிலைமை வேறு. முதல் நாள் சர்வர் வேலை செய்யவில்லை, இரண்டாம் நாள் கையெழுத்து போடுபவர் லீவு, மூன்றாம் நாள் டீ செலவுக்கு என்று தலையைச் சொறிந்தார்கள். கொடுக்காமல் திரும்பிவிட்டேன். அப்பாவின் பள்ளிச் சான்றிதழும் பழைய ரேஷன் கார்டும் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் வீண்.

காட்பாடியில் பிருந்தாவன் ஏறி பெங்களூரு கன்டோன்மென்டில் இறங்கினேன். அங்கிருந்து அல்சூர் ஏரிப் பக்கம் ஆட்டோ. மெட்ராஸ் சாப்பர்களின் தலைமையகம் அங்கேதான். 1780-இல் சென்னையில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் வீடு பெங்களூருதான். ஆவண அலுவலகத்துக்கு எழுதிய மனுவை, நகல்களோடு வாசலில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். சாப்பர்களை இன்றைக்கும் தம்பி என்றுதான் அழைக்கிறார்கள். வாசலில் நின்ற இளைஞர் என்னிடம், "உங்க தாத்தாவும் தம்பிதானா?" என்று கேட்டபோது தொண்டை அடைத்தது.

அதே வாசலில் ஓய்வூதிய வேலையாக வந்திருந்த வயதான சுபேதார் ஒருவர், நான் எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். கலவைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆற்காட்டுக் கலவை இல்லைப்பா. கலேவா. பர்மாவில இருக்கு, சின்ட்வின் ஆத்தங்கரையில" என்றார்.

அந்த இடத்திலேயே செல்போனில் தேடினேன். 1944 டிசம்பரில் கலேவாவில் சின்ட்வின் ஆற்றின் குறுக்கே பிரிட்டிஷ் 14-ஆம் படையின் பொறியாளர்கள் பெய்லி மிதவைப் பாலம், அதாவது இரும்புத் துண்டுகளைப் பூட்டி மிதவைகள்மேல் நிறுத்தும் பாலம், போட்டிருக்கிறார்கள். நீளம் 1,150 அடிக்கு மேல். இம்பாலிலிருந்து பர்மா எல்லையிலுள்ள தாமு வழியாக இறங்கிய படையில் ஒரு பகுதி அதன்மேல் ஆற்றைக் கடந்தது. சாக்குத் துணியும் உண்மை. தாமுவிலிருந்து கலேவா போகும் பாதைக்குக் கல்லும் ஜல்லியும் கிடைக்காமல், சணல் துணியைத் தாரில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து ரோடாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'பிட்ஹெஸ்' என்று பெயர். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் அந்தத் துணி காத்தது. தாத்தா ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

தாத்தாவோடு சேர்ந்து போன அவருடைய சித்தப்பா மகன் திரும்பி வரவில்லை. அவரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் கண்டுபிடித்தேன். ஆங்கிலத்தில் பெயரை நாலைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் கிடைத்தார். தகப்பன் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் சரியாக இருந்தன. பர்மாவில் ரங்கூன் அருகே தாவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் சுமார் 27,000 பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அவருடையது. அவருக்குப் படைப்பதற்கு ஊரில் நாளும் இல்லை, படமும் இல்லை. இப்போது இறந்த தேதி கிடைத்திருக்கிறது. அத்தை அதைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார்.

பெங்களூரிலிருந்து பதில் வந்தபோது நான் மெல்பர்ன் திரும்பியிருந்தேன். பதிவுத் தபாலை அத்தை பேரனை விட்டு போனில் படிக்கச் சொன்னார். நாலே வரி. 1942-இல் சேர்ந்தது, 1946-இல் விலகியது, கிராமத்தின் பெயர், தொழில்: தச்சர். எந்தக் கம்பெனி என்று இல்லை. அந்தப் பாலத்தில் தாத்தாவின் கை பட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஆற்றங்கரையில் நிற்காத மனிதர் வாயில் கலேவா என்ற பெயர் எப்படி வரும்?

பையன் படித்து முடித்ததும் அத்தை போனை வாங்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்க பெரியப்பா படத்துக்கு முன்னாடி இதை ஒரு தடவை சத்தமா படிக்கச் சொல்லட்டுமாடா?" என்று கேட்டார்.