தம்பியின் விமான விபத்தை விசாரித்தவர்கள்: ஓர் அக்காவின் மதிப்புரை

மேலெழும்பிய ஒரு நிமிடத்துக்குள் என் தம்பியின் இரண்டு இருக்கை விமானம் விழுந்தது. தனியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அதை விசாரித்த அமைப்பைப் பற்றி, எங்களைப் போல் அங்கே போய் நிற்க நேரும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

காத்திருக்க வைத்தார்கள். சர்வதேச விதிப்படி முதற்கட்ட அறிக்கை 30 நாட்களில் வந்தது. இறுதி அறிக்கையை இயன்றவரை 12 மாதங்களுக்குள் தர வேண்டும்; எங்களுக்கு 19 மாதங்கள் ஆயின. எத்தனை முறை தொலைபேசியில் கேட்டாலும் "நடந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். இது மாறியே ஆக வேண்டும்.

ஆனால் வேலையில் குறை சொல்ல மாட்டேன். விமானத்தில் கருப்புப் பெட்டி இல்லை. அதிகாரி என்னை உட்கார வைத்து, புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். "புரொப்பெல்லரைப் பாருங்கள் அம்மா. ஒரு தகடு பின்பக்கம் வளைந்திருக்கிறது, மற்றது நேராகவே இருக்கிறது. என்ஜின் முழு விசையில் சுழன்றிருந்தால் இரண்டுமே முறுக்கியிருக்கும்." கார்புரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. எரிபொருள் தொட்டி மூடியின் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது. விமானம் பல இரவுகள் மழையில் நின்றிருக்கிறது.

"அவன் எரிபொருளைச் சோதித்துப் பார்ப்பானே?" என்று கேட்டேன். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். தொட்டியின் அடியிலிருந்து பிடித்த சோதனைக் குவளை முழுவதும் தண்ணீராகவே இருந்தால், தண்ணீரையும் பெட்ரோலையும் பிரிக்கும் கோடு தெரியாது. விமானப் பெட்ரோலுக்குரிய நீல நிறம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அன்று அவன் பார்த்தானா என்பதை உறுதி செய்ய முடியவில்லை என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஊகத்தை உண்மையாக்காத அந்த ஒரு வரிக்காக மற்ற பக்கங்களையும் நம்பினேன்.

என்ஜின் நின்றதும் ஓடுபாதைக்கே திரும்ப முயன்றிருக்கிறான். உயரத்தை இழக்காமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால், இறக்கைகள் விமானத்தைக் காற்றில் தாங்கத் தேவையான குறைந்தபட்ச வேகமே சுமார் 19 விழுக்காடு கூடிவிடுமாம். என்ஜின் நின்ற விமானத்துக்கு அந்த வேகம் எங்கிருந்து வரும்?

யார் குற்றவாளி என்று அறிக்கை சொல்லவில்லை. இன்னொரு விபத்தைத் தடுப்பது மட்டுமே இந்த விசாரணையின் நோக்கம் என்றார்கள். எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, மிகவும் கோபப்பட்டேன். மூடி வளையங்களைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும் என்ற பரிந்துரையைப் படித்தபோதுதான் அழுதேன்.

விசாரணைக்கு வாங்கிச்சென்ற அவனுடைய பறப்புப் பதிவேட்டை அந்த அதிகாரியே வீட்டுக்குக் கொண்டுவந்து இரு கைகளாலும் தந்தார். ஒரு பக்கம்கூடக் கசங்கியிருக்கவில்லை.