மண் அணை கட்டித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

ஓடை பெருகினால் வயல்கள் மூழ்கிவிடுகின்றன என்று, வெள்ளத்தைத் தேக்கி, கரையின் அடியில் பதித்த குழாய் வழியாக மெதுவாக விடுவதற்காக மேலே ஒரு சிறிய மண் அணையை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கட்டினோம். எல்லோரும் சேர்ந்து போட்ட பணம். முதல் பெரிய மழைக்கே போய்விட்டது.

தண்ணீர் பாதி உயரம்தான் ஏறியிருந்தது. குழாயின் வெளிமுனையைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்து நீர் சேறாக வர ஆரம்பித்தது. தெளிந்த கசிவு என்றால் கண்காணித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் சேறாக வந்தால் கரையை உள்ளிருந்தே நீர் அரிக்கிறது என்று அர்த்தம். கீழே இருந்தவர்களை உடனே மேட்டுக்கு அனுப்பினோம், உயிர்கள் தப்பின. விடிவதற்குள் கரை உள்வாங்கி உடைந்துவிட்டது.

நீர் வடிந்த பிறகு உடைப்பில் இறங்கிப் பார்த்தால்தான் மோசடி தெரிகிறது. வெட்டுமுகம் முழுக்க மக்கிய வேர்கள், பெரிய பெரிய மண்கட்டிகள், நடுவே விரல் நுழையும் சந்துகள். மண்ணை 15, 20 செ.மீ. அடுக்காகப் பரப்பி, ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் டிப்பரில் கொட்டி பொக்லைனால் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், ரோலர் வாடகை மட்டும் பில்லில் இருக்கிறது! மேல்மண்ணை வழித்துவிட்டு, நீர் புகாத கெட்டி மண் வரை பள்ளம் வெட்டிக் களிமண்ணால் நிரப்ப வேண்டும், அந்தப் பள்ளமே இல்லை. குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி, அதுவும் இல்லை.

கேட்டால், "மழை அதிகம், நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறார் ஒப்பந்தக்காரர். தண்ணீர் கலங்கலை, அதாவது மிகுதி நீர் வழிந்தோட விடும் வழியை, எட்டவேயில்லை, அப்புறம் மழைமேல் எப்படிப் பழி போடுவது? அமெரிக்காவின் டீட்டன் அணை 1976இல் முதல்முறை நிரப்பும்போதே உள்ளரிப்பில்தான் உடைந்தது. பெரிய பெரிய பொறியாளர்கள் கட்டியதற்கே அந்தக் கதி என்றால், அடிப்பள்ளமே இல்லாத கரை எத்தனை நாள் நிற்கும்?

நீங்கள் கட்டப்போகிறீர்கள் என்றால், மண்ணில் புதையும் வேலைகளை, அதாவது அடிப்பள்ளம், குழாய், வடிகட்டி மூன்றையும் மூடுவதற்கு முன் நேரில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகுதான் அடுத்த தவணைப் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கரைக்குக் கொண்டுவரும் களிமண்ணில் ஒரு சிறு கட்டியை எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் மழைநீரில் போட்டு அசைக்காமல் வையுங்கள், சில நிமிடங்களில் நீர் தானாகவே கலங்கினால் அந்த மண் அரிப்பைத் தாங்காது, கரைக்கு ஆகாது. கலங்கல் இயற்கையான தரையில் வெட்டப்பட வேண்டும், கொட்டிய மண்மேல் அல்ல. முதல்முறை நீர் தேங்கும்போது இரவும் பகலும் ஆள் இருக்கட்டும்.

அந்த ஒப்பந்தக்காரர் இன்னும் வேலை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். முடித்த கரைகளின் படங்களை யார் வந்து காட்டினாலும், அடிப்பள்ளம் வெட்டிய படம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.