மாத்துற பேட்டரியா, வீட்ல சார்ஜ் போடுற பேட்டரியா: மாமா ஆட்டோவுக்காக உக்காந்து அலசினது

போன மாசம் மாமா போன் பண்ணினார். அக்கா வீட்டுக்காரர், மடிப்பாக்கம் பக்கம் பதினெட்டு வருஷமா ஆட்டோ ஓட்டுறார். "மாப்ள, பழைய வண்டிய தள்ளிட்டு எலக்ட்ரிக் எடுக்கலாம்னு இருக்கேன், ஸ்டேண்ட்ல ஒருத்தன் பேட்டரி மாத்துற வண்டி எடுங்கறான், இன்னொருத்தன் வீட்டுலயே சார்ஜ் போடுற வண்டி எடுங்கறான், நீ என்ன சொல்ற?"னு கேட்டார். நான் மூனு வருஷமா ஃபிக்ஸட் பேட்டரி (வண்டிய விட்டு கழட்ட முடியாத பேட்டரி) ஸ்கூட்டர்தான் ஓட்டுறேன், அதனால யோசிக்காம "வீட்ல போடுறதுதான் மாமா பெஸ்ட்"னு சொல்லிட்டேன். போன வச்சதுக்கப்புறம் மனசு உறுத்த ஆரம்பிச்சிடுச்சு. நான் ஆபீஸ் போயி வர்ற 24 கிலோமீட்டருக்கு ஓட்டுறவன், அவர் ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டினாதான் வீட்ல அடுப்பெரியும். அவருக்கு நான் சொன்ன பதில் என் பொழப்புக்கான பதில். அதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒழுங்கா பாத்துடுவோம்னு உக்காந்தேன்.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, இந்த ரெண்டு வழிக்கும் பெரிய குரல் குடுத்தவங்க நம்ம ஊரு ஐஐடி மெட்ராஸ் கேம்பஸ்லருந்தே வந்தவங்க. ஒரு பக்கம் புரொஃபசர் அசோக் ஜுன்ஜுன்வாலா, 2017ல மத்திய மின்துறை அமைச்சருக்கு முதன்மை ஆலோசகரா போனவர். அவர் சொன்னத நம்ம பாஷைல சொல்லணும்னா இதுதான்: பெரிய பேட்டரி போட்டு, அதுக்கு மானியத்த கொட்டி வண்டி விக்கிறதெல்லாம் நம்ம நாட்டுக்குக் கட்டுப்படியாகாது, மொதல்ல வண்டி ஒரு கிலோமீட்டருக்கு எத்தன வாட் அவர் கரன்ட் (ஆயிரம் வாட் அவர்னா ஒரு கிலோவாட் அவர், அதாவது பில்லுல வர்ற ஒரு யூனிட்டு) குடிக்குதுன்னு பாத்து அதக் கொறைங்க, அப்போ சின்ன பேட்டரியே போதும், அந்த சின்ன பேட்டரிய வண்டிக்காரர் தலைல கட்டாம தனி தொழிலா பிரிச்சிடுங்க, தீர்ந்தா மாத்திக்கட்டும். இன்னொரு பக்கம் அதே கேம்பஸ்ல படிச்சு 2013ல ஏதர்ங்கற எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனிய ஆரம்பிச்ச தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும். பேட்டரி பேக் மட்டும் செய்யலாம்னு கிளம்பினவங்க, கடைசில முழு ஸ்கூட்டரையே செஞ்சாங்க, 2018ல அவங்க 450 மாடல் வந்தப்போ பேட்டரிய கழட்டவே முடியாதபடி வண்டிக்குள்ள வச்சுட்டாங்க.

ஃபிக்ஸட் பக்கத்து நியாயத்த மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அது எனக்கு கை பழகின விஷயம். பேட்டரி வெளிய வரவே வேணாம்னு முடிவு பண்ணிட்டா டிசைன் பண்றவருக்கு கை கட்டு அவுந்த மாதிரி. காலுக்கு அடியில தாழ்வா வைக்கலாம், வண்டி ரோட்ட புடிச்சு நிக்கும், தண்ணி புகாம முழுசா சீல் பண்ணலாம், 3 கிலோவாட் அவருக்கு மேலயும் போகலாம். கழட்டுற பேட்டரின்னா ஒரு ஆளு தூக்குற மாதிரி இருக்கணும், அப்போ ஒன்னு பத்து பதினொரு கிலோவுக்கு மேல போக முடியாது.

இத ஒரே கடையில பாக்கணும்னா ஹோண்டாவ பாருங்க. 2024 நவம்பர்ல ஒரே நாள்ல ரெண்டு வண்டி காமிச்சாங்க. ஆக்டிவா ஈ, 1.5 கிலோவாட் அவர்ல ரெண்டு பேட்டரி, அவங்க ஸ்டேஷன்ல போயி மாத்தணும், வீட்ல சார்ஜ் போட வழி கிடையாது, ஆரம்ப விலை 1.17 லட்சம். க்யூசி1, அதே 1.5ல ஒன்னு, கழட்ட முடியாது, வீட்ல போட்டுக்கலாம், 90,000. பேட்டரிய பிரிச்சா வண்டி வெல கொறையும்ங்கறதுதான் மாத்துற வழியோட பெரிய வாக்குறுதி, ஆனா இங்க மாத்துற வண்டிதான் வெல ஜாஸ்தி (வேற மோட்டார், வேற ரேஞ்ச், அதுவும் உண்மைதான்). அத விட எனக்கு பட்டது, ஆக்டிவா ஈல சீட்ட தூக்கினா பேட்டரி ரெண்டும்தான் இருக்கு, வேற எடமே இல்ல. சீட்டுக்கடியில ரெண்டு கிலோ தக்காளியும் ரெயின்கோட்டும் வைக்க முடியாத ஸ்கூட்டர எங்கம்மா ஸ்கூட்டர்னே ஒத்துக்க மாட்டாங்க.

செலவு கணக்கு ரொம்ப சிம்பிள். என் வண்டி நூறு கிலோமீட்டருக்கு சுவத்துலருந்து இழுக்குறது 3.3 யூனிட்டு மாதிரி. யூனிட் 6 ரூபான்னு போட்டா 20 ரூபா. பெட்ரோல் ஸ்கூட்டர் 45 குடுத்தா நூறு கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர், லிட்டர் 100 ரூபா சொச்சம், 220 ஆகுது. ஒரே ஒரு விஷயம் கவனிங்க, நம்ம தமிழ்நாட்டு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, 500 யூனிட்ட தாண்டிட்டா கீழ இருக்குற ஸ்லாப் ரேட்டும் சேந்து ஏறிடும். தினமும் ஒரு யூனிட் ஸ்கூட்டருக்கு போனா ரெண்டு மாசத்துல 60. ஏற்கனவே 450ல நிக்கிற வீடா இருந்தா அந்த 60 உங்கள அந்தப் பக்கம் தள்ளிடும், வெயில் காலத்துல ஏசி வேற ஓடும்.

இதெல்லாம் யாருக்குன்னா, சொந்தமா ஒரு ப்ளக் பாயிண்ட் இருக்கவங்களுக்கு. இங்கதான் மொத்த விஷயமும் மாறுது. நான் ரெண்டாவது மாடில வாடகைக்கு இருக்கேன், பார்க்கிங்ல ஒரு 16 ஆம்ப் பாயிண்ட் போட்டுக்க அசோசியேஷன்ல பர்மிஷன் வாங்க எனக்கு ஏழு மாசம் ஆச்சு. அதுவும் என் மீட்டர்லருந்து தனி வயர், என் காசு, நான் காலி பண்ணும்போது கழட்டிட்டு போகணும்னு எழுதி வாங்கிட்டுதான். அந்த ஏழு மாசமும் பால்கனி வழியா எக்ஸ்டென்ஷன் வயர் எறக்கி சார்ஜ் போட்டேன். ஒரு நாள் மழைல அந்த ஜாயிண்ட் பொட்டிய தொட்டுப் பாத்தா இட்லி தட்டு மாதிரி சுட்டுச்சு, அன்னிக்கு நிறுத்தினவன்தான். 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி வீட்டுக்குள்ள சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்புடிச்சு, பொகைல அப்பாவும் பொண்ணும் போயிட்டாங்க. அந்த வருஷம் வரிசையா நடந்த தீ விபத்துக்கு அப்புறம்தான் ஏஐஎஸ் 156ங்கற பேட்டரி பாதுகாப்பு டெஸ்ட் விதிய இறுக்கினாங்க, 2022 டிசம்பர்ல ஒரு கட்டம், 2023 மார்ச் கடைசில ரெண்டாவது கட்டம். அதனால செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க வண்டி தயாரான தேதிய கண்டிப்பா பாருங்க, இத நான் கெஞ்சிக் கேக்குறேன்.

நடுவுல மூனாவது ஒரு வழி இருக்கு, பேட்டரிய கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போயி சார்ஜ் போடுறது, ஹீரோவோட விடா ஸ்கூட்டர்ல அப்படித்தான். லிஃப்ட் இல்லாத வீட்ல தினமும் பதினோரு கிலோ தூக்கிட்டு மாடியேறணும், அதுக்கப்புறம் படுக்குற ரூம் பக்கத்துலயே அத வைக்கணும். எனக்கு மனசு வரல, அவ்ளோதான்.

இப்போ மாத்துற பக்கம். மாமா ஸ்டேண்ட்ல இருக்க அண்ணன் ஒருத்தரோட அவர் வண்டிலயே போயி பாத்தேன். பெட்ரோல் பங்க் ஓரமா பீரோ சைஸ்ல ஒரு மெஷின், அதுல தேன்கூடு மாதிரி குழி குழியா. அவர் எறங்கி, துண்ட தோள்ல போட்டுகிட்டு, வண்டிலருந்து கைப்பிடிய புடிச்சு ஒவ்வொரு பேட்டரியா உருவி காலி குழில தள்ளினார், டக்குனு ஒரு சத்தம், பக்கத்துல பச்ச லைட் எரிஞ்ச குழிலருந்து ஃபுல் பேட்டரிய இழுத்து வண்டில சொருகினார். நான் மொபைல்ல டைம் பாத்தேன், எல்லாம் சேத்து மூனு நிமிஷம் கூட ஆகல. ஆட்டோக்காரருக்கு டைம்தான் காசு, நாலு மணி நேரம் சார்ஜ்ல நின்னா நாலு மணி நேர சவாரி போச்சு. அத விட பெருசா அவர் சொன்னது வேற. "பேட்டரி செத்தா அது அவன் தலவலி தம்பி, என்னுது இல்ல." ஒரு ஃபிக்ஸட் ஆட்டோல 8, 9 கிலோவாட் அவர் பேட்டரி இருக்கும், வாரன்ட்டி முடிஞ்சு அது படுத்துச்சுன்னா லட்ச ரூபாய தாண்டும், லோன் முடிக்கிற நேரத்துல இன்னொரு லோன். புரொஃபசர் பேட்டரிய பிரிங்கன்னு சொன்னதோட அர்த்தம் எனக்கு அந்த பங்க் ஓரத்துலதான் புரிஞ்சுது, அது டெக்னாலஜி பேச்சு மட்டும் இல்ல, நஷ்டம் யார் தலைல விழும்ங்கற பேச்சு.

சூடு விஷயமும் இருக்கு. நம்ம ஊர் மே மாச வெயில்ல ஓட்டிட்டு வந்து கொதிக்கிற பேட்டரிக்கு உடனே ஃபாஸ்ட் சார்ஜ் போட்டா அதோட ஆயுசு கொறையும். ஸ்டேஷன்ல ஆற வச்சு மெதுவா ஏத்த முடியும், அடுத்த ஆளு ஏற்கனவே ரெடியா இருக்க பேட்டரிய எடுத்துட்டு போயிடுவார்.

ஆனா அதே அண்ணன் இன்னொன்னும் சொன்னார். "வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க, எல்லா குழியும் செவப்பா இருக்கும், போரூர் தாண்டினா எனக்கு வயித்த கலக்கும்." ஸ்டேஷன் இல்லாத ஏரியாவுக்கு சவாரி வந்தா வேண்டாம்னு சொல்ல வேண்டியிருக்கு. பக்கத்துலயே வேற கம்பெனி மெஷின் இருந்தாலும் அந்த பேட்டரி இவர் வண்டில நொழையாது.

இந்த இடத்துலதான் எனக்கு வருத்தம். இஸ்ரேல்ல பெட்டர் ப்ளேஸ்னு ஒரு கம்பெனி காருக்கு பேட்டரி மாத்துற ஸ்டேஷன் கட்டுச்சு, அதுக்கு ஏத்த மாதிரி வந்தது ரெனோவோட ஒரே ஒரு மாடல், 2013ல திவாலாயிடுச்சு. தைவான்ல கோகோரோ அதயே ஸ்கூட்டருக்கு பண்ணி நின்னு காமிச்சாங்க, அங்க யமஹா மாதிரி வேற கம்பெனியும் அதே பேட்டரிக்கு வண்டி செஞ்சுது. ஒரே பேட்டரி பல வண்டிக்கு பொருந்தினாதான் இந்த தொழில் நிக்கும்ங்கறதுக்கு இத விட என்ன சாட்சி வேணும்? நம்ம நாட்டுல 2022 பட்ஜெட்ல மாத்துற பேட்டரிக்கு கொள்கை வரும்னு அறிவிச்சாங்க, ஏப்ரல்ல நிதி ஆயோக் வரைவும் போட்டுச்சு, எல்லாம் ஒன்னோடொன்னு பொருந்தணும்னு அதுல இருந்துச்சு. அப்புறம் 2025 ஜனவரில மின்துறை வழிகாட்டுதல் வந்துச்சு, ஆனா எல்லா கம்பெனியும் ஒரே அளவு பேட்டரிதான் போடணும்னு கட்டாயம் இன்னிக்கும் இல்ல. வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தனி பேட்டரிக்கு 18. பேட்டரிய பிரிச்சு விக்க சொல்லிட்டு பிரிச்சதுக்கு அதிக வரி போட்டா அந்த பாரம் கடைசில அந்த அண்ணன் ஒவ்வொரு தடவ மாத்துறப்பவும் குடுக்குற காசுல வந்துதான் நிக்கும்.

கரன்ட் எங்கேர்ந்து வருதுன்னும் பாக்கணும், இல்லன்னா எதுக்கு இவ்ளோ பாடு. நம்ம நாட்டு கரன்ட்ல முக்கால்வாசி நிலக்கரி, ஒரு யூனிட்டுக்கு சராசரியா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. என் 3.3 யூனிட்டுக்கு 2.3 கிலோ, பெட்ரோல் ஸ்கூட்டர் அதே நூறு கிலோமீட்டருக்கு 5 கிலோ. லைன் லாஸ் (கரன்ட் கம்பில வர்ற வழில வீணாகுறது) சேத்தாலும் பாதிக்கு பக்கம். இத இன்னும் கொறைக்க வழி எப்போ சார்ஜ் போடுறோம்ங்கறதுல இருக்கு. ஃபிக்ஸட் வண்டிக்காரங்க பண்ற தப்பு (நானும் ஒரு வருஷம் பண்ணேன்), சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சொருகுறது, அதுதான் சூரியன் போயி எல்லா வீட்லயும் லைட்டும் ஏசியும் ஏறுற நேரம். பதினோரு மணிக்கு மேல ஓடுற மாதிரி டைமர் போடுங்க. ஆனி ஆடி காத்து சீசன்ல முப்பந்தல், செங்கோட்டை பக்கம் காத்தாடி ராத்திரியும் சுத்தும், தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கு. மாத்துற ஸ்டேஷனுக்கு இதுல ஒரு படி மேல வசதி, வண்டி ரோட்ல ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி மத்தியான வெயில்ல வர்ற சோலார் கரன்ட்ல ஏறும். மத்திய மின்துறையோட 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்ல பகல் 9லருந்து 4 வரைக்கும் சார்ஜிங் ஸ்டேஷனுக்கு கரன்ட் சராசரி செலவுல 0.7 மடங்கு, மத்த நேரம் 1.3 மடங்குன்னு சொல்லியிருக்காங்க. இது சரியா நடந்தா மாத்துற வழிதான் இன்னும் சுத்தம்.

சரி, மாமாவுக்கு என்ன சொன்னேன்? அவர் வீடு லைன் வீடு, வண்டி நிக்கிறது தெருவுல, ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு பத்து ரூபா கேக்குறார், அதுவும் ஆட்டோவுக்கு ராத்திரி பூரா வயர் இழுக்க விட மாட்டேங்கறார். பத்து ரூபாய்க்கு கூட கணக்கு கட்டும், ஒரு நாளைக்கு 9 யூனிட்டு, 90 ரூபா, இப்போ எல்பிஜிக்கு 350, 400 போகுது. ஒரு நாள் ஓட்டத்துக்கு ஃபிக்ஸட் பேட்டரியே தாங்கும். ஆனா சொருக எடம் இல்லாதவருக்கு ஃபிக்ஸட் வண்டி வாங்கிக் குடுத்து என்ன பண்றது? அதனால நான் மொதல்ல சொன்னத வாபஸ் வாங்கிட்டேன், மாத்துற வண்டிக்குதான் போங்க மாமான்னு சொன்னேன், அவர் ஓடுற ரூட்ல ஸ்டேஷன் மூனு இருக்கு. என் ஸ்கூட்டர் ஃபிக்ஸடாவே இருக்கும், அதுலயும் மாத்தம் இல்ல.

அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. வர்ற வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் அந்த பங்க் ஓரம் போயி ஒரு மணி நேரம் நிக்கப் போறோம், எத்தன குழி பச்சயா இருக்கு, எத்தன ஆட்டோ வரிசைல நிக்குதுன்னு எண்ணிப் பாத்துட்டு அப்புறம்தான் ஷோரூம்.