சிப்பியைத் திறந்து முத்தெடுக்கும் பரிசுப்பெட்டி: முத்து அசல்தான், கதைதான் இடிக்கிறது

பெட்டிக்குள் காற்றை உறிஞ்சி ஒட்டிய பிளாஸ்டிக் உறை, அதில் ஒரு சிப்பி. கூடவே சின்னக் கத்தி, முத்தை உள்ளே போட்டு மாட்டிக்கொள்ள ஒரு கூண்டு டாலர், சங்கிலி, முத்து எப்படி உருவாகிறது என்று சொல்லும் துண்டுத்தாள். அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு வாங்கினோம். முத்து கோப்பது என் தொழில் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே நோண்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்தத் துண்டுத்தாள். மணல் துகள் உள்ளே போகுமாம், சிப்பிக்கு உறுத்துமாம், அது பூச்சு பூசி முத்தாக்குமாம். கடலடியிலேயே கிடக்கும் பிராணிக்கு மணல் புதிதா என்ன? அதை வெளியே தள்ள அதற்கு நன்றாகவே தெரியும். இயற்கை முத்துக்குப் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுவது ஒட்டுண்ணியோ, மேன்டிலில் பட்ட காயமோதான். மேன்டில் என்பது ஓட்டின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதைப்படலம். ஓட்டைக் கட்டுவதே அதன் மேல்தோல் செல்கள்தான். அவற்றில் சில இடம் மாறி உடலுக்குள் போய்விட்டால், அங்கேயே பெருகி ஒரு பையாக மூடிக்கொண்டு பழைய வேலையைத் தொடரும். ஓட்டுக்குப் பூச வேண்டியதை அந்தப் பைக்குள் சுற்றிச் சுற்றிப் பூசும். முத்துப்பை உருவாகாவிட்டால் முத்தும் இல்லை. இந்த முக்கியமான விஷயம் தாளில் ஒரு வரிகூட இல்லை.

சரி, சிப்பிக்கு வருவோம். கத்தி மொக்கை, வீட்டுக் கத்தியை முனையில் விட்டுத் திருப்ப வேண்டியிருந்தது. சிப்பி கெடாமலிருக்க ஊற்றிய பாதுகாப்புத் திரவத்தின் நெடி மூக்கைப் பிடுங்குகிறது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சதையில் ஒரு நேரான கீறல், அதில் பளீர் மயில்நீலத்தில் ஒரு முத்து. குழந்தை குதித்தாள். எனக்கு அந்தக் கீறலே போதுமாக இருந்தது. பையில் வளர்ந்த முத்து இப்படிக் கீறலில் செருகியதுபோல் உட்காராது.

மறுநாள் அவள் சம்மதத்தோடு துளையிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீலம் மேற்பரப்பிலும் துளை விளிம்பிலும் திட்டாகத் தேங்கியிருந்தது, உள்ளே வெள்ளை. சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இன்னொன்று, உள்ளே மணி இல்லை. சிப்பி அகோயா என்ற கடல் வகை. அதில் வளர்க்கும் முத்துக்கு நடுவில், நன்னீர் மட்டியின் ஓட்டில் கடைந்த ஒரு மணியை வைத்து, கூடவே வேறொரு சிப்பியின் மேன்டில் துண்டையும் செருகுவார்கள். அதன்மேல் படியும் பூச்சு மெல்லியது. துளையில் பார்த்தால் மணியும் பூச்சும் பிரியும் கோடு தெரியும். இதிலோ நடுவரை பூச்சுதான். மேன்டில் துண்டை மட்டும் வைத்து நன்னீர் மட்டியில் வளர்த்த முத்து இது. ஒரே மட்டியில் முப்பதுக்கு மேல்கூட வளர்ப்பார்கள், அதனால் மலிவு. ஆற்று முத்தைக் கடல் சிப்பிக்குள் செருகி, 'நீங்களே கண்டெடுங்கள்' என்று விற்கிறார்கள்.

முத்து போலி என்று சொல்லவில்லை. பல்லில் லேசாக உரசினால் நறநறவென்கிறது, பிளாஸ்டிக் வழுக்கும். அரை மைக்ரான் அளவே தடிமனுள்ள அரகோனைட் (ஒருவகைச் சுண்ணாம்புப் படிகம்) தகடுகள், அவற்றுக்கிடையே புரதம், இப்படி அடுக்கடுக்காகப் படிந்த அசல் பொருள்தான். அந்த மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் முத்துக்கு அந்த மினுமினுப்பு. சாயமே ஏற்றாமல் வெள்ளையாகக் கொடுத்திருந்தால் அது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

எனக்குப் பெட்டியிலேயே பிடித்தது ஓடுதான். கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சொரசொரப்பான பழுப்பு, உட்பக்கம் பெரும்பகுதி முத்தின் அதே பூச்சு. ஓடும் முத்தும் ஒரே வகைச் செல்களின் வேலை என்பது குழந்தைக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது.

கூண்டு டாலரைத் தவிர்த்துவிடுங்கள். முத்து மென்மையானது, கம்பிக்குள் உருண்டு உருண்டு கீறல் விழும். நான் துளையிட்டதே நல்லதாகப் போயிற்று, பட்டு நூலில் இருபக்கமும் முடிச்சுப் போட்டுக் கோத்துக் கொடுத்துவிட்டேன். சங்கிலியின் முலாம் இப்போதே மங்குகிறது.

ஐந்துக்கு இரண்டரை. ஓடும் முத்தும் சேர்ந்து இரண்டு, குழந்தை குதித்ததற்கு அரை. கத்திக்கும் துண்டுத்தாளுக்கும் ஒன்றும் கிடையாது. அப்புறம், சதையைச் சமைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம், அது பாதுகாப்புத் திரவத்தில் ஊறியது. கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.