தூண்டில் ரீலுக்கு எந்த எண்ணெய்? நாலு வருஷம் உப்புத்தண்ணியில் ஓட்டிய அனுபவம்

முட்டுக்காடு முகத்துவாரத்தில் வாரம் ஒரு தடவையாவது மீன் பிடிக்க ராடோடு போய் நிற்பவன் நான். கையில் லைனைச் (தூண்டில் நரம்பைச்) சுற்றி வைக்கும் 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், வாங்கி நாலு வருஷம் ஆகிறது. "என்ன ஆயில் போடுறீங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வருவதில்லை. எண்ணெய் கேட்கும் இடம் வேறு, கிரீஸ் கேட்கும் இடம் வேறு, இரண்டும் ஏறக்குறைய ஆகாத இடமும் ஒன்று உண்டு.

அதை ஒரு கொடுவா மீனைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் சர்வீஸ் செய்கிறேன் பேர்வழி என்று ரீலைப் பிரித்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் கிரீஸ் அப்பினேன். கைப்பிடியைச் சுற்றினால் சுழலும் ரோட்டருக்கு அடியில் இருக்கும் ஒன்வே கிளட்சையும் விடவில்லை. கைப்பிடி பின்னால் சுழலாமல் பிடித்து நிறுத்துவது அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன உருளைகள்தான். கெட்டி கிரீஸில் அவை நகராமல் ஒட்டிக்கொண்டன. வத்தம் (தண்ணி இறங்குவது) ஆரம்பித்த நேரம், மீன் லூரை (செயற்கை இரையை) அடித்தது, ராடைச் சுண்டினேன். கைப்பிடி திருப்பிச் சுழன்று விரல் முட்டியில் 'டொக்'கென்று அடித்தது. லைன் தொய்ந்தது, தலையை ஒரு உதறு உதறிவிட்டு மீன் போயே போச்சு. வீட்டுக்கு வந்து கிளட்சை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசிக் காயவைத்தேன். இப்போதெல்லாம் அதில் ஊசி முனையால் தொட்டு வைக்கிற அளவுதான் மெல்லிய எண்ணெய்.

மெயின் கியருக்கு முதலில் போட்டது பைக் மெக்கானிக்கிடம் வாங்கிய கிரீஸ். ஓடியது, ஆனால் சுற்றக் கனம். காலை முழுக்க லூர் வீசினால் அந்தக் கனம் மணிக்கட்டில் தெரியும். பிறகு ரீலுக்கென்றே வரும் இளகிய கிரீஸுக்கு மாறினேன். மாற்றும்போது பழையதைச் சுத்தமாக வழித்துவிடுங்கள், வேறு வேறு வகை கிரீஸ் கலந்தால் இளகி வழிந்துவிடக்கூடும். மீன் இழுக்கும்போது லைனைப் பிடித்துப் பிடித்து விடும் பிரேக்தான் டிராக்; அதன் கார்பன் வாஷருக்கு அதற்கான டிராக் கிரீஸ் மட்டும்தான், அதுவும் மெல்லிசாக.

அதிகம் அடிபடுவது லைன் ரோலர். உப்புத்தண்ணியில் நனைந்த லைன் நேராக அதன் மேல்தான் ஓடுகிறது. அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய், போய்வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு. இரண்டாம் வருஷம் சோம்பேறித்தனத்தில் ஒரு மாசம் விட்டேன், 'கீச் கீச்' என்று கத்தி பேரிங் இறுகியே விட்டது. இதுவரை மாற்றிய ஒரே பாகம் அதுதான்.

தேங்காய் எண்ணெய் போடச் சொன்னவர் சித்தப்பா. மார்கழி விடியலில் பாட்டிலில் உறைந்து நிற்பது பேரிங்குக்குள்ளும் உறையாதா? துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

கழுவும்போது டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறேன். குழாயை வைத்துப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி, ரோலருக்கு அந்தச் சொட்டை விட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவேன்.