ஏ.சி. மெக்கானிக் பயிற்சி, என்.வி.கியூ. 4: சேர முன் வேர்க்ஷொப்பைப் பாருங்கள்

ஏ.எல். முடிவு வந்து இசட் ஸ்கோர் காணாவிட்டால் இரண்டாம் தரம், மூன்றாம் தரம், பிறகு வெளிவாரிப் பட்டம். யாழ்ப்பாணத்து வீடுகளில் இதுதான் வழமை. பட்டம் எடுத்தவர்களே வேலை கேட்டு 2017இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்காகக் குந்தியிருந்ததைப் பார்த்த பிறகும் அது பெரிதாக மாறவில்லை. அதே வயதில் படிக்கக்கூடிய குளிரூட்டல், வளிச்சீராக்கல் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4 பயிற்சி எப்படி? நல்ல பாடநெறிதான். ஆனால் எங்கே படிக்கிறீர்கள் என்பதில் பாதிக்கு மேல் தங்கியிருக்கிறது.

முதலில் கடதாசி விஷயம். என்.வி.கியூவில் மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (யுனிவொடெக்) முக்கியமாக இந்தப் பாதையால் வருபவர்களுக்காக இருக்கிறது. ஆகவே 'பட்டக் கதவு மூடிவிடும்' என்ற பெற்றோரின் பயத்துக்குக் காரணமில்லை. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபை, நைற்றா (தேசிய பயிலுனர் பயிற்சி அதிகார சபை), கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள ஜேர்மன் ரெக் என்று விசாரிக்க இடங்கள் உண்டு. தனியார் நிலையம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, அந்தப் பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருப்பது வேறு. இரண்டாவது இல்லாமல் என்.வி.கியூ. கிடைக்காது. விளம்பரப் பலகையில் பெரிதாகப் போடுவது முதலாவதைத்தான்.

இனி வேர்க்ஷொப். உள்ளே போனதும் மூன்று சாமான்களைத் தேடுங்கள்: பைப்புக்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வக்கூம் பம்ப், ரெகுலேற்றரோடு நைதரசன் சிலிண்டர், காஸ் நிறுக்கும் டிஜிற்றல் தராசு. மூன்றிலும் தூசி படிந்திருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

ஏன் என்றால், ஊரில் ஏ.சி. பூட்டும் பலர் பம்பே கொண்டு போவதில்லை. அவுட்டோரில் (வெளியே பூட்டும் பெட்டியில்) இருக்கிற காஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு, பைப்புக்குள் இருந்த காற்றை 'தள்ளி' விடுவார்கள். அன்றைக்குக் குளிராகத்தான் இருக்கும். உள்ளே நின்ற ஈரப்பதன் கொம்பிரசர் ஒயிலோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளே மோட்டரில் சுற்றியிருக்கிற கம்பியை (வயின்டிங்கை) மெதுவாகத் தின்னும். கொம்பிரசர் போகும்போது பூட்டியவரைப் பிடிக்கவும் முடியாது. நல்ல பயிற்சியில் பம்பைப் போட்டு உள்ளழுத்தத்தை 500 மைக்ரோன் (வக்கூம் அளக்கும் அலகு) வரை இறக்கி, வால்வை மூடி, பத்து நிமிடம் வக்கூம் மீற்றரைப் பார்க்க வைப்பார்கள். அளவு நிற்காமல் ஏறினால் லீக். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துப் பழகாத பெடியனுக்கு மட்டம் 4 கொடுத்தும் பிரயோசனமில்லை.

ஃபிளேர் அடிப்பதும், அதாவது நட்டால் இணைக்கச் செப்புப் பைப்பின் வாயை விரிப்பதும், அப்படித்தான். பைப்பைக் கட்டரால் வெட்டி, வாயைக் கீழே பார்க்கப் பிடித்துப் பிசிறு எடுக்க வேண்டும். மேலே பார்த்தால் செப்புத் தூள் உள்ளே விழும். நட்டை முதலே கோர்க்க மறப்பது எல்லோரும் செய்கிற பிழை. கால் அங்குலப் பைப்புக்கும் எட்டில் மூன்று அங்குலப் பைப்புக்கும் இறுக்கும் விசை வேறு. இரண்டையும் ஒரே ஸ்பானரால் 'கைக்கணக்கில்' இறுக்கினால் சின்னது வெடிக்கும், பெரியது ஒழுகும்.

லீக் சோதிக்க நைதரசன் மட்டும்தான். விலை குறைவென்று ஒக்சிசன் ஏற்றினால், ஒயிலோடு சேர்ந்து வெடித்து ஆளையே கொல்லும். இதை முதல் வாரத்திலேயே சொல்லாத ஆசிரியரிடம் படிக்க வேண்டாம்.

பயிற்சி மெசின்கள் எல்லாம் ஆர்-22 என்ற பழைய காஸில் ஓடுபவையாக இருந்தால் கேள்வி கேளுங்கள். அந்தக் காஸ் 2030உடன் ஏறக்குறைய முடிகிறது. இன்று கடையில் விற்பது பெரும்பாலும் ஆர்-32. அதன் அழுத்தம் ஆர்-22ஐ விட ஒன்றரை மடங்குக்கு மேல், தீப்பிடிக்கவும் கூடியது. ஆர்-22 கேஜையும் ஹோஸையும் அதில் மாட்டக்கூடாது.

பாடநெறிகள் பெரும்பாலும் மெலிந்திருப்பது மின்சாரப் பக்கத்தில். கப்பாசிற்றரை மீற்றரில் அளந்து, மேலே எழுதியிருக்கிற மைக்ரோபரட்டோடு ஒப்பிடுவது வரை சரி. கொம்பிரசரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேர்ட்டர் போர்ட் வந்ததும் 'மாத்த வேணும்' என்று முடித்துவிடுகிறார்கள். சுவிச்சை நிறுத்திய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டீ.சி. நிற்கும். சில நிமிடம் பொறுத்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எரர் கோட், சேர்விஸ் மனுவல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ரியூசன் காசை வேறெங்கும் போடாவிட்டாலும் ஆங்கிலத்துக்குப் போடலாம்.

வகுப்பு முடிந்து வரும் வேலைத்தளப் பயிற்சியை நிலையமே ஒதுக்கட்டும் என்று விடாதீர்கள். ஆறு மாதம் ஏணி பிடித்து ஃபில்டர் கழுவிய பயிலுனர்கள் நிறையப் பேர். புதிதாகப் பூட்டுவதோடு ஐஸ் பிளான்ட், மீன் குளிரறை வேலையும் எடுக்கிற இடத்தைக் கேட்டு வாங்குங்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் உப்புக்காற்றில் அவுட்டோர் கொயில் அரித்துப் போவதால் வேலைக்குக் குறைவில்லை. வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் இது சரிவராது.

ஏற்கெனவே கடையில் நின்று பழகியவர்கள் ஒரு வருடத்தைத் திரும்பச் செலவழிக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்த வேலைகளின் படங்களும் முதலாளியின் கடிதமும் கொண்டு நைற்றாவில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். படங்களை இன்றைக்கே எடுக்கத் தொடங்குங்கள். பூட்டி முடிந்த மெசினை மட்டும் எடுக்காமல், ஃபிளேரையும் வக்கூம் மீற்றரையும் சேர்த்து எடுங்கள்.